துவாய் காய வேண்டுமா, பாத்ரூம் சூடாக வேண்டுமா? ஒரே கம்பியில் இரண்டும் நடக்குமா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பாத்ரூம் திருத்த யோசிப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்ப நினைக்கும் சகோதரர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அது பிள்ளைகளைப் பற்றியது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சேர், துவாய் போட்டுக் காயவைக்கும் சூட்டுக் கம்பி ஒன்று இருக்கிறதாம். அதுவே பாத்ரூமையும் சூடாக்குமாம். தனித்தனியாக ரெண்டு வாங்காமல் ஒன்றோடு முடிக்கலாமாம். நானா லண்டனிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். போடலாமா?" சுவரில் ஏணி மாதிரி நிற்கும் பளபளப்பான கம்பி. அதில் மடித்துப் போட்ட வெள்ளைத் துவாய். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரநாயக்கவில் நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு அது வேண்டாம். பணம் இருந்தாலும் வேண்டாம். அந்தப் பணத்தை வேறு மூன்று இடத்தில் போட்டால் துவாயும் காயும், வயதானவர்களுக்கும் சுகம், கரண்ட் பில்லும் ஏறாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். பிழை கண்டால் கமெண்டில் திருத்துங்கள்.

1. அந்தச் சாமான் எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது?

பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பொயிலர் இருக்கிறது. அதில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியாக வீடு முழுக்கச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு அறையிலும் சுவரோடு ஒட்டிய இரும்புத் தகடு ஒன்று அந்தச் சூட்டை வாங்கி அறைக்குக் கொடுக்கிறது. அதைத்தான் ரேடியேட்டர் என்கிறார்கள். வெளியே குளிர்காலத்தில் ஐந்து பாகை, சில நாட்களில் பூச்சியத்துக்கும் கீழே. அங்கே குளியலறைக்குச் சூடு இல்லாமல் இருக்க முடியாது.

குளியலறையோ சின்னது. ரேடியேட்டருக்கு ஒரு சுவர், துவாய்க் கம்பிக்கு இன்னொரு சுவர் என்று ஒதுக்க இடம் இல்லை. அதனால் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பழைய மாதிரியில் நடுவில் தடித்த இரும்பு ரேடியேட்டரும், அதைச் சுற்றிப் பளபளப்பான கம்பியும் இருக்கும். புது மாதிரி ஏணி வடிவம். கோடையில் பொயிலரை நிறுத்திவிடுவார்கள். அப்போதும் துவாய் காய வேண்டுமே என்பதற்காக, அதே கம்பிக்குள் மின்சார எலிமெண்ட் ஒன்றையும் சேர்த்த வகையும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நாட்டிலேயே இது முழுமையாகச் சரிவராது. கம்பியின் மேல் தடித்த துவாயைப் போட்டால் அது போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவாய் சூடாகும், அறை குளிரும். துவாயை எடுத்தால் அறை சூடாகும், துவாய் ஈரமாக இருக்கும். அதோடு அதே அளவுள்ள கம்பியில் பளபளக்கும் குரோம் பூசியது, வெள்ளைப் பெயின்ட் பூசியதைவிடக் குறைந்த சூட்டையே வெளிவிடும். படத்தில் அழகாக இருப்பது எதுவோ அதுதான் வேலை குறைவாகச் செய்கிறது! அதனால்தான் அங்குள்ள நல்ல பொருத்துனர்கள் அறையின் அளவைக் கணக்கிட்டு, தேவையான சூட்டைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் கம்பியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

நம்மிடம் பொயிலரும் இல்லை, சுடுதண்ணீர் ஓடும் குழாயும் இல்லை. இங்கு வந்து சேர்வது மின்சாரத்தில் மட்டும் ஓடும் வகை.

2. நமது பிரச்சினை குளிர் அல்ல, ஈரம்

இலங்கையின் ஈரவலயம் என்று சொல்வது வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பிரதேசத்தை. நாம் அதற்குள் இருக்கிறோம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்தவுடன் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு மழை. சுபஹ் நேரத்தில் தண்ணீர் கையில் பட்டால் சில்லென்று இருக்கும், உண்மைதான். ஆனாலும் அது நுவரெலியாக் குளிர் அல்ல. அங்கே ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுகிறது. அங்குள்ளவர்கள் அறையைச் சூடாக்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நமக்கு வருத்தம் தருவது துணி காயாததும், சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படர்வதும், துவாயில் மக்கிய மணம் வருவதும்.

துணி காய்வது என்றால் என்ன? துணியில் இருக்கும் தண்ணீர் காற்றுக்குப் போவது. அவ்வளவுதான். தண்ணீர் மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். வீடு கட்டும்போது மட்டும் நாமே மறந்துவிடுகிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

நமது ஊரில் அட்டாச் பாத்ரூம் பெரும்பாலும் ஐந்தடிக்கு ஏழடி. உயரம் எட்டடி என்று வைப்போம். அதற்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 8 கனமீற்றர். 20 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 பாகையில் 30 கிராம். இது எங்கள் கணக்கல்ல, பௌதிகப் புத்தகத்தில் உள்ளது.

அப்படியானால் மழைக்காலத்து விடியலில், 20 பாகையில், அந்த அறைக் காற்று தாங்கக்கூடிய மொத்த ஈரம் ஏறக்குறைய 140 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதாவது 125 கிராம் அளவு. இப்போது சூட்டுக் கம்பியைப் போட்டு அறையை 30 பாகைக்கு ஏற்றினால் தாங்கும் அளவு 240 கிராமாகக் கூடும். மீதி இடம் 115 கிராம் அளவுதான்.

கழுவிப் பிழிந்த ஒரு பெரிய தடித்த துவாயில் அரை லீட்டர், அதாவது 500 கிராம் தண்ணீர் என்று எடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுத் தராசில் காய்ந்த துவாயையும் பிழிந்த துவாயையும் நிறுத்துப் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. 500 கிராம் தண்ணீரை 115 கிராம் இடத்துக்குள் எப்படி வைப்பது? ஒரு துவாயின் கால்வாசிக்கும் குறைவான ஈரத்தோடு அந்தக் காற்று நிரம்பிவிடும். கம்பியை நிறுத்தியதும் அறை ஆறும். ஆறியதும் அந்த ஈரம் டைலிலும் கண்ணாடியிலும் கூரைத் தட்டிலும் வியர்த்து நிற்கும். அங்கேதான் பூஞ்சணம் வளரும்.

ஆகவே காற்று வெளியேற வழி இல்லாத பாத்ரூமில் எவ்வளவு விலை உயர்ந்த கம்பியைப் போட்டாலும் துவாய் காயாது. காற்று வெளியேற வழி இருந்தால் அந்தக் கம்பி இல்லாமலே பெரும்பாலான நாட்களில் காய்ந்துவிடும்.

3. இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று எதிர்

ரெண்டு சாமானுக்குப் பதில் ஒன்று என்பது கேட்க இலாபமாகத் தெரிகிறது. எந்த இரண்டைச் சேர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அறை சூடாக வேண்டுமென்றால் கதவை மூட வேண்டும், ஜன்னலை மூட வேண்டும். துணி காய வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும். மூடினால் துவாய் காயாது. திறந்தால் நாம் பணம் கொடுத்து உண்டாக்கிய சூடு தோட்டத்துக்குப் போகும். இந்த இரண்டு வேலையையும் ஒரே கம்பியிடம் ஒரே நேரத்தில் கேட்பது, ஒரே மாட்டை வண்டியிலும் கட்டி வயலிலும் கட்டுவது மாதிரி.

சேர்க்கக்கூடியவற்றைச் சேர்ப்பதில் நம்மவர்கள் குறைந்தவர்கள் அல்ல. அனகி அடுப்பைப் பாருங்கள். ஒரு தீ, இரண்டு பானை. முன் வாயில் சோறு வேகும்போது பின் வாயில் சுடுதண்ணீர் தயார். இரண்டுக்கும் தேவை ஒரே சூடு, ஆகவே சேர்ப்பு நிற்கிறது.

கேகாலை றப்பர் பூமி. சீட் காயவைக்கும் புகைக்கூடத்தை நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்போம். கீழே விறகு எரியும், மேலே கம்புகளில் சீட் தொங்கும், நாலைந்து நாளில் தேன் நிறமாகக் காய்ந்துவிடும். அந்தக் கூடத்தின் மேல்பக்கத்தைக் கவனித்தீர்களா? ஈரம் வெளியேறுவதற்கென்றே திறப்பு வைத்திருப்பார்கள். அதை அடைத்துவிட்டு எத்தனை கட்டு விறகு வைத்தாலும் சீட் வெள்ளையாகவே இருக்கும், பூஞ்சணமும் பிடிக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையும் அப்படித்தான். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு அடியில் பெரிய விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் நாளில் வெறும் காற்றே போதும். மழை நாளில் மட்டும் அதோடு கொஞ்சம் சூடான காற்றைக் கலப்பார்கள். முதலில் காற்றோட்டம், பிறகுதான் சூடு. இந்த மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஈரத்தோடு போராடி இலை காயவைத்த தொழில் அது. வீட்டுக்குத் துவாய் காயவைக்க நினைக்கும் நாம் அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.

4. கரண்ட் பில்

அறையையும் சூடாக்கும் என்று விற்கும் கம்பிகளில் 500 வாட் என்பது சாதாரணமான அளவு. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் ஓடினால் 2 அலகு. மாதத்துக்கு 60 அலகு.

அந்த 60 என்ற எண்ணை நமது மின்பட்டியலில் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 60 அலகுதான் எல்லைக்கோடு. அதற்குள் இருப்பவருக்கு ஒரு கணக்கு, தாண்டியவருக்கு வேறு கணக்கு. அதற்கு மேல் 90, 120, 180 என்று படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும். சிக்கனமான ஒரு குடும்பம் மாதம் முழுக்க லைட், ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் பாவித்துக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அளவை ஒரு துவாய்க் கம்பி தனியாகத் தின்றுவிடும்.

ஒப்பிட இரண்டு கணக்கு சொல்கிறோம். 70 வாட் ஃபேன் ஒன்றை இரவு ஐந்து மணித்தியாலம் ஓடவிட்டால் 0.35 அலகு. அதன் கீழே கொடியில் விரித்துப் போட்ட துணி விடியும்போது ஏறக்குறைய காய்ந்திருக்கும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால். பத்து லீட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய கால் அலகுதான் போகும். வயதான வாப்பாவுக்கு அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தால் உடம்புக்கு நேரடியாகச் சூடு சேரும், எட்டில் ஒரு பங்குச் செலவில்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். கேஸுக்கும் வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த நாட்களில் கொடியும் காற்றும் அடுப்பும்தான் வேலை செய்தன. வீடு கட்டும்போது அதையும் நினைவில் வைப்பது புத்தி.

5. உயிர் ஆபத்து

இதுதான் நாங்கள் இந்தப் பதிவை எழுத முக்கிய காரணம்.

பிரித்தானியாவில் குளியலறைக்குள் சாதாரண பிளக் பொயின்ட் வைக்க விடமாட்டார்கள். லைட் சுவிட்ச் கூட வெளியில் இருக்கும், அல்லது கயிறு இழுக்கும் வகையாக இருக்கும். சூட்டுக் கம்பியை நிரந்தரமாகச் சுவரில் பொருத்தி, தனி வயரில், தகைமையுள்ள ஒருவர்தான் இணைப்பார். அந்த ஒழுங்கை விட்டுவிட்டுச் சாமானை மட்டும் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பினால் என்ன நடக்கும்? அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோர்ட் இழுத்து, கதவுக்கு அடியால் விட்டு, ஈரத் தரையில் போடுவோம். வெறுங்காலோடு, நனைந்த உடம்போடு இரும்புக் கம்பியைப் பிடிப்போம். 230 வோல்ற் மின்சாரம் இரண்டாம் வாய்ப்புத் தராது.

கம்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இன்றே செய்ய வேண்டியவை:

ட்ரிப் சுவிட்ச் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும், 30 மில்லி அம்பியர் வகை. அதில் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ட்ரிப் சுவிட்ச் இருப்பதும் இல்லாததும் ஒன்று, மாற்றுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எர்த் கம்பி உண்மையாகவே மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று தகைமை பெற்ற மின்னியலாளரைக் கொண்டு பாருங்கள். ஷவர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

சிவப்பாக எரியும் ரூம் ஹீட்டர் மேல் ஈரத் துணி போடாதீர்கள். பாத்ரூமுக்குள் அதைக் கொண்டு போகவே வேண்டாம்.

கேஸ் கீசர் வைத்தால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றுள்ள இடத்தில் வையுங்கள். கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். இரண்டிலிருந்தும் வரும் காபன் ஓரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் மாதிரி வந்து உயிரை எடுத்துவிடும்.

இடி மழை நேரத்தில் ஹீட்டரைப் பாவிக்க வேண்டாம்.

6. அப்படியானால் பணத்தை எங்கே போடுவது?

முதலாவது, காற்று. நமது வீடுகள் பலவற்றில் பாத்ரூம் பின்பக்கம், வெட்டிய மண்மேட்டை ஒட்டி இருக்கும். அந்தப் பக்கம் ஜன்னல் வைக்க முடியாது என்று விட்டுவிடுகிறோம். அதனால்தான் இருட்டும் ஈரமும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்றும் தண்ணீரும் போக இடம் விடுங்கள். சுவரின் மேல்பகுதியில் ஓட்டைக் கல் இரண்டு வரிசையும், கதவின் கீழ் இரண்டு அங்குல இடைவெளியும் வையுங்கள். கீழால் காற்று வந்து மேலால் போகும். அதுவும் முடியாத இடத்தில் சின்ன எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று. துவாய்க் கம்பியின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

பாத்ரூமைப் பெருப்பிக்கவென்று யாரும் மேட்டை மேலும் வெட்ட வேண்டாம். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை இழந்த பிரதேசம் இது. மலைச்சரிவில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைக் கேட்ட பிறகு கட்டுங்கள். பாத்ரூம் தண்ணீரைச் சரிவில் சும்மா ஓடவிடவும் வேண்டாம்.

இரண்டாவது, காயவைக்கும் இடம். வீட்டின் பின்பக்கம் நாலடி தாழ்வாரம். மேலே வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் சீட். இரண்டு பக்கமும் திறப்பு. நாலு கொடி. மழை பெய்துகொண்டிருக்கும்போதே துணி காயும், ஏனென்றால் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பாத்ரூம் குளிக்கும் இடம், காயவைக்கும் இடம் அல்ல. இந்த ஒன்றை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, துவாய். வெளிநாட்டிலிருந்து வரும் கம்பளி மாதிரித் தடித்த துவாய் சூடான வீடுகளுக்குச் செய்தது. நமது காலநிலைக்கு மெல்லிய துவாய் போதும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் காயும். ஆளுக்கு இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். ஆளுக்கு ஆள் தனித் துவாய் கட்டாயம். படர்தாமரை வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருவதற்கு ஈரமான பொதுத் துவாய் ஒரு காரணம். பள்ளியில் வுழூ செய்யும் இடத்தில் பொதுத் துவாய் தொங்கவிடும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை நிர்வாகம் நிறுத்த வேண்டும் என்பதும் எங்கள் தாழ்மையான கருத்து.

7. போடவே கூடாது என்கிறோமா?

இல்லை. வீட்டில் படுக்கையோடு இருக்கும் மூத்தம்மா இருக்கலாம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கலாம். குளிக்கும்போது உடம்பு நடுங்கினால் தாங்க முடியாதவர்கள் இருக்கலாம். அப்படியானவர்களுக்கு வசதியுள்ளவர் போடட்டும். ஆனால் எக்ஸோஸ்ட் ஃபேன் முதலில் இருக்க வேண்டும். சுவரில் பொருத்திய, தண்ணீர் புகாத வகையாக இருக்க வேண்டும். தனி வயர், ட்ரிப் சுவிட்ச், வெளியில் சுவிட்ச் வேண்டும். நேரம் வைத்து நிற்கும் டைமரும் வேண்டும். குளிக்க முன் பத்து, பதினைந்து நிமிடம் துவாய் இல்லாமல் சூடாக்குங்கள். குளித்து முடித்த பின் ஜன்னலையும் ஃபேனையும் திறந்து, துவாயை ஒற்றை மடிப்பாக விரித்துப் போடுங்கள். இரண்டு வேலையையும் இரண்டு நேரத்தில் கேட்டால் அது ஓரளவுக்குச் செய்யும்.

ஒன்று கவனியுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்குச் சூட்டைவிட ஈரமில்லாத சுவர்தான் முக்கியம். வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சணமும் சுவாச நோய்களோடு தொடர்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இலேயே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது.

8. பிள்ளைகள்

கடைசியாக, எங்கள் மனதில் பாரமாக இருக்கும் விடயம்.

நமது ஊரில் ஒரு பக்கம் துவாயைச் சூடாக்கக் கம்பி தேடுகிறோம். அதே ஊரின் மேல்பக்கத்தில், தோட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் இருக்கிறது. அங்கே அடுப்புக்கு மேலே கட்டிய கயிறுதான் துணி காயவைக்கும் இடம். உண்மையில் அதுதான் நமது நாட்டு சூட்டுக் கம்பி: சமைக்கவும் அதே தீ, அறைக்கும் அதே சூடு, துணிக்கும் அதே சூடு. ஆனால் புகை போக வழி இல்லை. அந்தப் புகை தாயின் நெஞ்சுக்கும் பிள்ளையின் சட்டைக்கும் போகிறது.

மழைக்காலத்தில் எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலருடைய வெள்ளைச் சட்டை மஞ்சளாக இருக்கும், புகை மணக்கும். சிலருடையது முதுகில் ஈரமாக ஒட்டியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். பர்தாவும் நீளக் கையும் சேர்த்து துணி அதிகம், காய நேரமும் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சீருடைத் துணியில் தைத்த ஒன்றோ இரண்டோதான் பலரிடம் இருக்கிறது. இரவில் கழுவினால் காலையில் காயாது. கழுவாவிட்டால் ஊத்தை. எதைச் செய்தாலும் பாடசாலை வாசலில் ஏச்சு.

அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. அந்தத் தாயும் கவனமில்லாதவர் அல்ல. மேலே போட்ட அதே கணக்குதான் அங்கேயும் நடக்கிறது: ஈரம் போக இடமில்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், பிள்ளை வகுப்புக்குள் வரும்போது தன் வீட்டையும் கொண்டுதான் வருகிறது என்று. மழைக்காலத்தில் அதை மணந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

பாடசாலைகளுக்கு: தொடர்ந்து மழை பெய்யும் வாரங்களில் சுத்தமான வேறு உடையில் வரவிடுங்கள். சீருடை ஈரம் என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையும் வாசலில் நிற்கவோ வீட்டில் இருந்துவிடவோ கூடாது. ஆசிரியர்களாகிய நாங்களே அதிபர்களிடம் முன்வைக்க வேண்டிய விடயம் இது, முன்வைப்போம்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்: ஒவ்வொரு லய வரிசைக்கும், நெருக்கமான வீடுகள் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் வெளிச்சச் சீட் போட்ட திறந்த பந்தல் ஒன்று. பத்துக் கொடி. பெரிய செலவு அல்ல. யாருடைய மதம் என்று பார்க்காமல் செய்யலாம். ஒரே மழையில்தான் எல்லோரும் நனைகிறோம்.

தோட்ட வீடமைப்பில் சம்பந்தப்பட்டவர்களுக்கு: புதிய வீடுகள் கட்டும்போது பின்பக்கத் தாழ்வாரத்தை வரைபடத்திலேயே சேருங்கள். அடுப்புக்குப் புகைக்கூண்டும் சேருங்கள். பிறகு ஒட்டுவது என்றால் அந்தக் குடும்பத்தால் முடியாது.

வெளிநாட்டிலுள்ள சகோதரர்களுக்கு: உங்கள் அன்பு தெரியும். உம்மா குளிரில் நடுங்கக் கூடாது என்றுதான் அனுப்ப நினைக்கிறீர்கள். கம்பிக்குப் பதிலாக அந்தக் காசில் உம்மாவின் பாத்ரூமுக்கு ஒரு ஜன்னலும், நல்ல ட்ரிப் சுவிட்சும், வழுக்காத டைலும், பிடித்து எழும்ப ஒரு கைப்பிடியும் போட்டுக் கொடுங்கள். மிச்சம் வந்தால் மேலே உள்ள லயத்துக்கு ஒரு பந்தல்.

மேசன் பாஸ்மாரும் வயரிங் வேலை செய்பவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று தெரியும். ஓட்டைக் கல், வெளிச்சச் சீட் இப்போது என்ன விலை போகிறது, ஒரு பந்தலுக்கு எவ்வளவு வரும் என்று கமெண்டில் சொல்லுங்கள். யாராவது தொடங்கினால் சேர்ந்து செய்ய நாங்கள் தயார்.

அல்லாஹ் எல்லோருடைய வீட்டையும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. இப்போதே எழும்பிப் போய் ட்ரிப் சுவிட்சின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வஸ்ஸலாம்.